பாடியோர் பெயரறியாப் பாடல்கள்: கண்டித் தோட்டப்புறப் பாடல்களும் பதிப்புரிமைச் சட்ட வரலாறும்

ஒரு நூலையோ பாடலையோ நோக்கிப் பதிப்புரிமைச் சட்டம் எழுப்பும் முதல் வினா, அதனை ஆக்கியவர் யார் என்பதாகும். ஆக்கியவரின் பெயர் தெரியின் அவர் மறைந்த ஆண்டு தேடப்படும். ஆண்டு தெரியின் உரிமை எப்போது முடிவுறும் எனக் கணக்கிடப்படும். கண்டி மாநகரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக வழங்கிவரும் தோட்டப்புறப் பாடல்களை நோக்கி இதே வினாவை எழுப்பினால் விடை கிடைப்பதில்லை. பாடியவர் பலர், அவர்களுள் ஒருவர் பெயரேனும் ஏட்டில் இல்லை.

இப்பாடல்களுக்குரிய மக்களின் குடியுரிமையும், பாடல்களின் உரிமையும் ஒரே மாதத்தில் இலங்கைச் சட்டப் புத்தகத்தில் அடுத்தடுத்து இடம்பெற்றன. 2003 நவம்பரில் சட்டமாகிய 35ஆம் இலக்கச் சட்டம், இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்குவதாகும். அதனையடுத்த 36ஆம் இலக்கச் சட்டம் புலமைச் சொத்துச் சட்டமாகும். நாட்டுப்பாடல்கள் உள்ளிட்ட நாட்டாரியல் வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்பளிக்கும் பிரிவு அதில் அடங்கியுள்ளது. இவ்விரு சட்டங்களும் எண்ணால் அயலவையாயினும் பொருளால் ஒன்றையொன்று அறியாதவை. செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள் உலகின் எழுத்தையும் ஒலியையும் திரட்டிக் கற்கும் இக்காலத்தில் இவ்வறியாமை புதிய விளைவுகளைத் தோற்றுவிக்கக் கூடும். அதன் வரலாற்றுப் பின்னணியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சும் ஆசிரியனும்

பதிப்புரிமை என்னும் கருத்து அச்சு யந்திரத்தோடு பிறந்ததாகும். ஏட்டுச்சுவடிக் காலத்தில் ஒரு நூலைப் படியெடுத்தல் நூலுக்குச் செய்யும் தொண்டாகக் கருதப்பட்டது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான படிகளை எடுத்தல் இயன்றபோதுதான் படியெடுக்கும் உரிமை விலைமதிப்புடைய பொருளாயிற்று.

கண்டிப் பிரதேசத் தமிழ் அச்சு வரலாற்றில் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர் முகம்மது காசிம் சித்திலெப்பை (1838–1898) ஆவார். வழக்கறிஞராகிய இவர் 1882இல் கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் வெளிவந்த இவரது 'அசன்பே சரித்திரம்' ஈழத்தின் முதலாவது தமிழ் நாவலாகப் பலராலும் கொள்ளப்படுகின்றது. சட்டநோக்கிற் பார்ப்பின் இந்நாவல் எத்தகைய சிக்கலும் அற்றது. ஆசிரியர் பெயர் தெரியும். வெளியான ஆண்டு தெரியும். அவர் மறைந்த ஆண்டு தெரியும். எவ்வகைக் கணக்கின்படியும் அது இன்று பொதுவுடைமையாகும்.

இத்தகைய ஆசிரியரையே சட்டம் மனத்திற்கொண்டது. 1908ஆம் ஆண்டின் பதிப்புரிமைக் கட்டளைச் சட்டம் இலங்கையில் இத்துறையில் எழுந்த தொடக்ககாலச் சட்டமாகும். அதன் பின்னர் 1911ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம் இந்நாட்டிற்கும் ஏற்புடையதாக்கப்பட்டு, சுதந்திரத்திற்குப் பின்னரும் 1979 வரை நிலவியது. ஆசிரியரின் வாழ்நாளும் அதன் மேல் 50 ஆண்டுகளும் என்பது அச்சட்டம் வகுத்த எல்லையாகும். பெயரும் இறப்புத் திகதியும் உடைய ஒருவரே அக்கணக்கினுள் அடங்குவர்.

தோட்டங்களைப் பற்றிய தமிழ்ச் செய்யுளிலும் அத்தகைய பெயருடைய ஒருவர் உளர். ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869இல் அச்சேறியது. கோப்பிச் செய்கையின் முறைகளையும் அதன் சிறப்பையும் அது விதந்து கூறுகின்றது. தோட்ட நிருவாகத்தின் நோக்கிலிருந்து பாடப்பட்டது. கோப்பிப் பயிரை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதலாக அவதானிக்கப்பட்டதும் அதே 1869இலேயாகும். மண்ணைக் கொத்தியோரும் பழம் பறித்தோரும் அதே காலத்திற் பாடிய பாடல்கள் எவ்வச்சகத்தையும் அடையவில்லை.

பாடல்கள் பிறந்த களம்

1824இல் கம்பளைக்கு அண்மையில் சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பார் கோப்பித் தோட்டமொன்றைத் தொடங்கினார். அதனையொட்டிய காலத்தில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனைக்கு எதிரேயுள்ள கன்னொறுவையிற் கோப்பி பயிரிட்டார். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். இவை மூன்றும் கண்டியை மையமாகக் கொண்ட சிறு வட்டத்தினுள் அடங்குவன. பெருந்தோட்டப் பொருளாதாரம் இவ்வட்டத்திலிருந்தே மலைநாடெங்கும் பரவிற்று.

இத்தோட்டங்களுக்கு வேண்டிய உழைப்பைத் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர் முதலிய மாவட்டங்களின் கிராமத்து மக்கள் வழங்கினர். தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தோர் தத்தம் ஊர்த் தாலாட்டையும் ஒப்பாரியையும் தெம்மாங்கையும் கும்மியையும் உடன் கொணர்ந்தனர். மெட்டு பழையதாகவே இருந்தது, பொருள் மாறியது. வயலும் வரப்பும் இருந்த இடத்தில் கொழுந்தும் மட்டமும் வந்தன. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் பாடலின் மாந்தராயினர். பிரட்டுக்களம், லயம், பேர்ச்சீட்டு, துண்டு ஆகிய சொற்கள் தாலாட்டினுள்ளும் புகுந்தன. குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு மலையேறும் தாயின் துயர் தமிழகத்துத் தாலாட்டில் இல்லாத ஒரு பொருளாகும்.

இப்பாடல்கள் ஆக்கப்பட்ட முறையும் நோக்கத்தக்கது. கொழுந்து நிரையில் ஒருத்தி ஓரடியைத் தொடங்க, அடுத்தவள் அதனை முடிப்பாள். வேறொரு மலையில் அதே அடி வேறு பெயரோடு பாடப்படும். கங்காணியின் பெயர் மாறும். தோட்டத்தின் பெயர் மாறும். ஏச்சின் கூர்மை கூடும் அல்லது குறையும். பழித்துப் பாடும் பாடலில் ஆசிரியர் மறைந்திருத்தல் பாதுகாப்பாகவும் இருந்தது. துரையையோ பெரிய கங்காணியையோ பழித்த பாடலைத் தான் கட்டினேன் என ஒருத்தி உரிமை கோரியிருப்பின் அவள் குடும்பத்தின் பற்றுச்சீட்டு மறுநாளே கிழிக்கப்பட்டிருக்கலாம். எனவே, பெயரின்மை வாய்மொழி மரபின் இயல்பாக மட்டுமன்றி, உற்பத்தி உறவுகளின் விளைவாகவும் அமைந்தது எனக் கொள்ளல் பொருந்தும்.

ஏட்டில் ஏறிய பாடல்

இப்பாடல்களை ஏட்டில் ஏற்றியோருள் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தலையாயவர். பூண்டுலோயாவை அடுத்த மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்த இவர் 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றார். இவர் திரட்டிய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலுருப் பெற்றது. சாரல் நாடன் முதலியோர் பின்னர் இத்துறையில் ஆய்வுகளை மேற்கொண்டனர். கண்டியில் அந்தனி ஜீவா நடத்திய மலையக வெளியீட்டகம் மலையக எழுத்துகளை நூல்களாக்குவதிற் பெரும்பங்கு வகித்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்பு, மன்னார்ப் பிரதேச நாட்டுப் பாடல்களைப் பதிப்பித்ததும், கூத்தினை நவீன அரங்கிற்குக் கொணர்ந்து 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றியதும் இம்முயற்சிகளுக்கு ஊக்கமளித்த சூழலைத் தோற்றுவித்தன.

இங்கு ஒரு சட்ட முரண் எழுகின்றது. தேர்விலும் ஒழுங்கமைப்பிலும் புதுமையுடைய தொகுப்பு நூல் பதிப்புரிமைக்கு உரியதாகும். 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பின்னர் 70 ஆண்டுகளை வழங்குகின்றது. அக்கணக்கின்படி 1984இல் மறைந்த தொகுப்பாசிரியரின் தொகுப்புரிமை 2054 வரை நீடிக்கும். பாடலைக் கேட்டு எழுதியவரின் உரிமைக்கு ஆண்டும் எல்லையும் உண்டு. பாடியவளுக்கு ஆசிரியர் என்ற நிலையில் எதுவும் இல்லை. இது தொகுத்தோரின் குறையன்று. அவர்கள் தொகுத்திராவிடின் பாடல்களே இன்று எஞ்சியிரா. ஆசிரியர் என்பார் தனியொருவரே என்னும் சட்டத்தின் எடுகோளே இம்முரணுக்குக் காரணமாகும்.

நாடற்றோரும் நாட்டாரியலும்

இவ்வெடுகோளின் குறையைச் சட்டவியலாளர் அறியாதிருந்தனர் எனக் கூறவியலாது. இலக்கிய, கலைப் படைப்புகளைப் பாதுகாக்கும் பேர்ண் உடன்படிக்கையில் இலங்கை 1959இல் இணைந்தது. 1967இல் ஸ்டொக்ஹோமில் அவ்வுடன்படிக்கை திருத்தப்பட்டபோது, வெளியிடப்படாததும் ஆசிரியர் அறியப்படாததுமான படைப்புகளுக்கு ஒரு வழி வகுக்கப்பட்டது. அப்படைப்பின் ஆசிரியர் ஓர் உறுப்பு நாட்டின் பிரசை எனக் கொள்ளத் தக்க காரணம் இருப்பின், அந்நாடு நியமிக்கும் அதிகாரபீடம் அவர் சார்பில் உரிமையைக் காக்கலாம் என்பதே அவ்வழியாகும். நாட்டுப்பாடல்களை மனத்திற்கொண்டே இவ்வாசகம் சேர்க்கப்பட்டது.

அதே 1967இல் கண்டி மலைகளின் நிலை யாது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியிருந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றோர் தொகையை 975,000 என மதிப்பிட்டு, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்படவிருந்தது. அவ்வொப்பந்தத்தை நிறைவேற்றும் 14ஆம் இலக்கச் சட்டம் 1967இலேயே இயற்றப்பட்டது. பெயரறியாப் பாடகரின் நாடு எதுவெனக் கேட்ட சர்வதேச ஏற்பாடும், அப்பாடகரை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாற் பங்கிட்ட உள்நாட்டுச் சட்டமும் ஒரே ஆண்டுக்குரியன என்பது மனங்கொள்ளத்தக்கது.

பங்கீடு பாடல்களையும் பிரித்தது. இந்தியா சென்றோருள் ஒரு பகுதியினர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிற் குடியேற்றப்பட்டனர். கண்டிச் சரிவில் பிறந்த பாடல் கோத்தகிரியிலும் கூடலூரிலும் ஒலிக்கலாயிற்று. அப்பாடல் எந்நாட்டு நாட்டாரியல் என்னும் வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூறவியலாது.

1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கப் புலமைச் சொத்து ஒழுங்குக்கோவை காலனித்துவச் சட்டத்தை நீக்கியது. நாட்டாரியலுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் வழியே பாதுகாப்பளித்த நாடுகளின் வரிசையில் இலங்கை அதன் மூலம் இடம்பெற்றது. அவ்வேளையிலும் மலையகத் தமிழருட் பல்லாயிரவர் குடியுரிமை அற்றோராகவே இருந்தனர். நாட்டின் மரபுச் செல்வம் எதுவெனச் சட்டம் வரையறுத்தபோது, அச்செல்வத்தின் ஒரு பகுதியை ஆக்கியோர் அந்நாட்டிற்கு அந்நியராக எண்ணப்பட்டனர்.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இன்று நடைமுறையில் உள்ளதாகும். நாட்டார் கதைகள், கவிதைகள், விடுகதைகள், பாடல்கள், ஆடல்கள், கைவினைகள் ஆகியவற்றை அது தன் வரையறையுட் கொணர்கின்றது. வணிக நோக்கிலோ மரபுவழிச் சூழலுக்குப் புறம்பாகவோ இவற்றைப் படியெடுத்தலும் பொதுமக்களுக்கு அறிவித்தலும் அனுமதிக்கு உட்பட்டவை. அவ்வனுமதியை வழங்கும் உரிமை, அமைச்சர் தீர்மானிக்கும் தகுதிவாய்ந்த அதிகாரபீடத்திடம் உண்டு. பெறப்படும் கட்டணம் பண்பாட்டு அபிவிருத்திக்குச் செலவிடப்படல் வேண்டும். வெளியிடப்படும் பாடல் எச்சமூகத்திலிருந்து அல்லது எவ்விடத்திலிருந்து பெறப்பட்டது எனக் குறிப்பிடல் வேண்டும் எனவும் அப்பிரிவு விதிக்கின்றது.

இவ்வேற்பாட்டில் நன்மையும் குறையும் ஒருங்கே உள்ளன. கூட்டுப் படைப்பு என ஒன்று உண்டென்பதைச் சட்டம் ஏற்றுக்கொள்கின்றது. ஆயினும் உரிமை பாடிய சமூகத்திடம் தங்காது அரசின் அதிகாரபீடத்தைச் சென்றடைகின்றது. 35ஆம் இலக்கச் சட்டம் அம்மக்களைக் குடிகளாக ஏற்ற அதே வேளையில், 36ஆம் இலக்கச் சட்டம் அவர்களது பாடலுக்கு அவர்களைக் கேளாமலே காப்பாளரை நியமிக்க வழி செய்தது எனலாம்.

இயந்திரம் கற்கும் காலம்

இணையமும் செயற்கை நுண்ணறிவும் இவ்வினாவைப் புதியதொரு தளத்திற்கு இட்டுச் சென்றுள்ளன. பெருந்தொகையான நூல்களையும் பாடல்களையும் ஒலிப்பதிவுகளையும் படியெடுத்துக் கற்றே இவ்வியந்திரங்கள் மொழியைக் கையாளும் ஆற்றலைப் பெறுகின்றன. இதனால் இரு வினாக்கள் எழுகின்றன. இயந்திரம் ஆக்குவது எவருடையது என்பது ஒன்று. இயந்திரம் கற்றது எவருடையது என்பது மற்றொன்று.

முதல் வினாவிற்கு இலங்கைச் சட்டத்தில் தெளிவான குறிப்பு உள்ளது. ஆசிரியர் என்பவர் படைப்பை ஆக்கிய இயற்கை ஆளாகிய மனிதர் என 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கின்றது. எனவே இயந்திரம் தன்னளவில் ஆசிரியராதல் இயலாது. ஐக்கிய அமெரிக்காவிலும், ஓவியமொன்றிற்கு இயந்திரத்தை ஆசிரியராகக் குறித்த ஸ்டீபன் தேலரின் விண்ணப்பத்தை நிராகரித்தமை சரியெனக் கொலம்பியா மாவட்ட மேன்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சிற் தீர்ப்பளித்தது. மனிதனே ஆசிரியன் என்னும் இவ்விதி இயந்திரத்தை விலக்குகின்றது. ஆனால் தனிமனிதனே ஆசிரியன் எனப் பொருள்கொள்ளப்படும்போது, கொழுந்து நிரையிற் கூடிப் பாடிய பெண்களையும் அது விலக்கிவிடுகின்றது.

இரண்டாம் வினா குறித்து நாடுகள் வெவ்வேறு வழிகளிற் செல்கின்றன. யப்பான் 2018இல் செய்த திருத்தத்தின் மூலம், படைப்பின் சுவையை நுகரும் நோக்கமற்ற தரவு ஆய்விற்குப் பரந்த விலக்களித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நடைமுறைக்குக் கொணர்ந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பொதுப்பயன் மாதிரிகளை வழங்குவோர் பதிப்புரிமையை மதிக்கும் கொள்கையை வகுக்கவும், கற்பிக்கப் பயன்பட்டவற்றின் சுருக்கத்தை வெளியிடவும் வேண்டுமெனப் பணிக்கின்றது. இந்தியாவில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மீது 2024 நவம்பரில் டில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

பாடல்கள் தொடர்பாகச் சிறப்பாக நோக்கத்தக்க இரு நிகழ்வுகள் உள. ஜெர்மனியின் கெமா என்னும் இசை உரிமைச் சங்கம் ஓப்பன்ஏஐக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், ஒன்பது பாடல்களின் வரிகள் இயந்திரத்தின் நினைவிற் பதிந்திருத்தலே படியெடுத்தலாகும் என மியூனிக் நீதிமன்றம் 2025 நவம்பரிற் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் அந்திரொப்பிக் நிறுவனத்திற்கு எதிராக எழுத்தாளர் தொடுத்த வழக்கில், நூல்களைக் கொண்டு இயந்திரத்தைக் கற்பித்தல் நியாயமான பயன்பாடாகும் எனவும், திருட்டுப் படிகளைத் திரட்டி வைத்தல் அவ்வாறாகாது எனவும் 2025 ஜூனில் நீதிமன்றம் கூறியது. அதன் பின்னர் 150 கோடி டொலர் வழங்க இணக்கம் காணப்பட்டது; ஏறத்தாழ ஐந்து இலட்சம் நூல்களுக்கு நூலொன்றுக்கு ஏறத்தாழ 3,000 டொலர் என்பது கணக்கு.

இவ்விரு நிகழ்வுகளிலும் வென்றோர் யாவர் என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒன்றில் உறுப்பினர் பெயர்ப்பட்டியலை உடைய சங்கம். மற்றொன்றில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்திற் பதிவு செய்யப்பட்டு, நூலுக்குரிய குறியீட்டெண் பெற்றிருந்த நூல்களின் உரிமையாளர். பட்டியலில் பெயருள்ளோருக்கே நீதி எட்டியது. பேர்ச்சீட்டில் மாத்திரம் பெயரிருந்தவர்களின் பாடல் இத்தகைய பட்டியல் எதிலும் இடம்பெறாது.

இரு ஆபத்துகள்

இதிலிருந்து, பாடல்களைப் பூட்டிவைத்தலே காப்பு என முடிவு செய்தல் அவசரமாகும். பூட்டப்பட்ட பாடல் மறக்கப்படும். லய வாழ்க்கை மாறி, இளைஞர் கொழும்பிற்கும் பிற நகரங்களுக்கும் தொழில் தேடிச் செல்லும் இந்நாளில், பாடத் தெரிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். மேலும், மலையகத் தமிழின் சொற்களும் ஓசையும் இயந்திரங்களின் கல்வியில் இடம்பெறாவிடின், நாளை தமிழ் பேசும் இயந்திரம் பிரட்டுக்களம் என்றால் யாதென அறியாது பேசும். ஒரு சமூகத்தின் பேச்சு மொழியினின்றே விலக்கப்படுதல் இரண்டாவது நாடற்ற நிலையாகும்.

மறுபுறம், எவரையும் கேளாது, இடமும் சமூகமும் குறிக்காது பாடல்கள் இணையவெளியில் அள்ளப்படுமாயின், அவை பொதுவான 'தமிழ் நாட்டுப்பாடல்' எனக் கலந்து கரைந்துவிடும். இயந்திரம் அவற்றின் சாயலில் ஆயிரம் பாடல்களைப் புனையும். எது லூல்கந்துரையிற் பாடப்பட்டது, எது புனைந்தது எனப் பின்வருவோர் பிரித்தறிய இயலாது போகும். பாட்டாளி மக்களின் வரலாற்றுக்கு வாய்மொழிப் பாடலே சான்றாக இருக்கும் நிலையில், இக்கலப்பு ஓர் ஆவணக் காப்பகம் அழிவதற்கு ஒப்பாகும்.

இவ்விரு ஆபத்துகளுக்கும் இடையே செல்லும் வழிக்கு 24ஆம் பிரிவிலேயே ஒரு தொடக்கம் உள்ளது. பாடல் எச்சமூகத்திற்கும் எவ்விடத்திற்கும் உரியதெனக் குறித்தல் வேண்டும் என்னும் அதன் விதி, தனிப்பெயர் வேண்டாத ஓர் உரிமையை ஏற்றுக்கொள்கின்றது. அவ்விதி ஏட்டுக்கு மட்டுமன்றி, இயந்திரம் கற்கும் தரவுத் திரட்டுக்கும் விரிவுபடுத்தப்படல் வேண்டும். அனுமதியளிக்கும் அதிகாரபீடத்தில் மலையக மக்களின் பிரதிநிதிகள் அமர்தல் வேண்டும். பெறப்படும் கட்டணம் பாடல் பிறந்த தோட்டத்தின் பாடசாலைக்கோ நூலகத்திற்கோ சென்றடைதல் வேண்டும்.

இதற்குச் சட்டத்திருத்தம் வரும்வரை காத்திருத்தல் அவசியமன்று. 1950களின் தொடக்கத்திலிருந்து அச்சு நூல்களின் சட்டவழிப் படிகளைப் பெற்றுவரும் பேராதனைப் பல்கலைக்கழக நூலகம் ஹந்தானைத் தோட்ட மலையின் அடிவாரத்திலேயே அமைந்துள்ளது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களை உரிமையாளர் அனுமதியுடன் இணையத்தில் வழங்கும் முறையை நடைமுறையிற் காட்டியுள்ளது. பாடலைப் பதிவு செய்யும் ஒவ்வொருவரும் பாடியவர் விரும்பின் அவர் பெயரையும், விரும்பாவிடின் தோட்டம், பிரிவு, ஆண்டு ஆகியவற்றையும், எவ்வகைப் பயன்பாட்டிற்கு அவர் இசைந்தார் என்பதையும் சேர்த்தெழுதுவாராயின், நாளைய சட்டம் தேடும் சான்று இன்றே உருவாகிவிடும்.

முடிவுரை

தமிழுலகிற்குப் பாடலின் உடைமை பற்றிய சிந்தனை புதியதன்று. பாரதியார் பாடல்களின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் பெற்றுப் பின்னர் மக்களுடைமையாக்கியது. அங்கு உரிமையை வைத்திருந்தோர் இருந்தனர். அரசு அவர்களிடமிருந்து பெற்று மக்களிடம் கொடுத்தது. தோட்டப்புறப் பாடல்களின் வரலாறு இதற்கு மறுதலையானது. அவை தொடக்கத்திலிருந்தே மக்களுடையவை. ஆனால் அம்மக்கள் எவர் எனச் சட்டம் நெடுங்காலம் ஏற்க மறுத்தது.

மலையக மக்களின் வருகையின் 200 ஆண்டு நிறைவையொட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணமொன்று நிகழ்ந்தது. மூதாதையர் நடந்த வழியை நினைவுகூர்ந்த அப்பயணம், நிலத்திலும் குடியுரிமையிலும் சம நிலையை வேண்டியது. பாடலின் உரிமையும் அவ்வேண்டுகோளின் ஒரு கூறேயாகும். 35ஆம் இலக்கச் சட்டம் மக்களுக்கு நாட்டை வழங்கியது. 36ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அவர்களது பாடல்களுக்கு அவர்களது ஊர்ப்பெயரை வழங்குதல் இன்னும் நிறைவேற வேண்டிய பணியாக உள்ளது.